சீவும்போது பின்பக்கத்தைத் தூக்குகிறது, அப்புறம் கடிக்கிறது: பூனைக்குப் பிடிக்கிறதா, இல்லையா?

கேள்வி இது: வீட்டில் இரண்டு வயதுப் பெண் பூனை, பெர்சியன் கலப்பு, நீளமான முடி, கருத்தடை ஆகிவிட்டது. முகத்தையும் கழுத்தையும் சீவினால் கண்ணை மூடிக்கொண்டு குர்ர் என்று சத்தம் போடுகிறது. பிரஷ் வால் தொடங்கும் இடத்துக்கு வந்ததும் பின்பக்கத்தை மேலே தூக்குகிறது, முதுகுத் தோல் அலையலையாகத் துடிக்கிறது, வாயைத் திறந்து காற்றை நக்குகிறது, கொஞ்ச நேரத்தில் சட்டென்று திரும்பிக் கையைக் கடித்துவிட்டு ஓடிவிடுகிறது. இதற்குச் சீவிவிடுவது பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா, இல்லை உடம்பில் ஏதாவது கோளாறா?

மூன்றுமே இருக்கலாம், அதுவும் ஒரே நேரத்தில். அதனால்தான் இது எல்லாரையும் குழப்புகிறது. பிரஷ் படும்போது பூனையின் உடம்பில் நடப்பவற்றை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு வகை, பூனை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தானாக நடப்பது. டாக்டர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் எகிறுகிறதே, அது மாதிரி அனிச்சைச் செயல். இன்னொரு வகை, பூனை அந்த நிமிடத்தில் என்ன மனநிலையில் இருக்கிறது என்பதைக் காட்டுவது. பின்பக்கம் தூக்குவது, தோல் துடிப்பது, காற்றை நக்குவது எல்லாம் பெரும்பாலும் முதல் வகை. காது, கண்ணின் பாப்பா, மீசை, வால் நுனி, உடம்பின் இறுக்கம் இவையெல்லாம் இரண்டாவது வகை. நீங்கள் முதல் வகையைப் பார்த்துவிட்டு "ஆஹா, நல்லா ரசிக்குது" என்று அங்கேயே தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அதற்குள் இரண்டாவது வகையில் பூனை பலமுறை போதும் என்று சொல்லிவிட்டது. நான் பார்த்த கடிகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான்.

முதலில் பின்பக்கம் தூக்குவதை எடுத்துக்கொள்வோம். குட்டியாக இருக்கும்போது தாய்ப்பூனை பின்பக்கத்தை நக்கிவிட்டால்தான் அதற்குச் சிறுநீரும் மலமும் போகும், முதல் சில வாரங்களுக்குத் தானாகப் போகத் தெரியாது. தாயின் நாக்குக்கு வாகாகப் பின்பக்கத்தைக் கொடுக்கும் அந்தப் பழக்கத்தின் மிச்சம் வளர்ந்த பிறகும் உடம்பில் இருக்கிறது என்பது ஒரு விளக்கம். பெண் பூனை சூட்டுக்கு வரும்போது முன்னுடம்பைத் தாழ்த்தி, பின்னுடம்பைத் தூக்கி, வாலை ஒரு பக்கம் ஒதுக்கி, பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதிக்குமே, அதுவும் இதே இடத்தைத் தொட்டால் கிளம்பும் செயல்தான். கருத்தடை செய்த பூனையும் ஆண் பூனையும்கூட அங்கே சொறிந்தால் தூக்கும், அதனால் உங்கள் பூனை தூக்குகிறதே என்று கருத்தடை ஆபரேஷனைச் சந்தேகப்பட வேண்டாம். (கருத்தடை ஆன பிறகும் நீங்கள் தொடாமலே கத்திக்கொண்டு, உருண்டு, மிதித்துக்கொண்டு, அதுவும் விட்டு விட்டு வந்தால் அது வேறு கதை, சினைப்பையின் துண்டு ஏதாவது உள்ளே தங்கியிருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும்.)

வால் தொடங்கும் இடம் கூச்சம் மிகுந்த இடம். கூச்சத்துக்கும் சுகத்துக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைவு. இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தில் சாரா எல்லிஸ் குழுவினர் இதை முறையாகச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். பூனைகளின் உடம்பில் வெவ்வேறு இடங்களைத் தடவி, ஒவ்வொன்றுக்கும் பூனை என்ன செய்கிறது என்று எண்ணினார்கள். வால் தொடங்கும் இடத்தைத் தடவியபோதுதான் எதிர்ப்புக் குறிகள் அதிகம் வந்தன. அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: முன்பின் தெரியாத ஆய்வாளர் தடவியதைவிட வளர்ப்பவர் தடவியபோது பூனைகள் அதிகம் எதிர்ப்புக் காட்டின. என் கணிப்பு என்னவென்றால், தெரிந்த கையிடம் பூனை தயங்காமல் வேண்டாம் என்று சொல்கிறது, அந்நியரிடம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால் "கடைக்காரர் சீவினால் சும்மா இருக்கு, என்கிட்ட மட்டும் கடிக்குது" என்று வருத்தப்படுகிறவர்கள் கொஞ்சம் ஆறுதல் கொள்ளலாம். அங்கே அது நிம்மதியாக இருந்தது என்று அர்த்தமில்லை. பயத்தில் உறைந்துபோய் இருந்திருக்கலாம்.

அடுத்து தோல் துடிப்பு. மாட்டின் முதுகில் ஈ உட்கார்ந்தால் மாடு நகராமலே தோலை மட்டும் உதறும், பார்த்திருப்பீர்கள். பூனைக்கும் தோலுக்கு அடியில் முதுகிலும் விலாவிலும் அதே மெல்லிய தசை விரிந்திருக்கிறது. தோலில் ஏதாவது பட்டால் செய்தி தண்டுவடம் வழியாக மேலே ஏறி, முன்னங்காலுக்கு நரம்புகள் புறப்படும் பகுதி வரை போய், அங்கிருந்து இந்தத் தசைக்குத் திரும்பி வரும். தண்டுவடத்தில் அடி எங்கே என்று கண்டுபிடிக்கக் கால்நடை மருத்துவர்கள் முதுகுத் தோலை அங்கங்கே லேசாகக் கிள்ளிப் பார்ப்பார்கள், அடிபட்ட இடத்துக்குக் கீழே கிள்ளினால் தோல் துடிக்காது. ஆக, பிரஷ் பட்டதும் ஒன்றிரண்டு முறை தோல் துடிப்பது ஆரோக்கியமான நரம்பின் அடையாளம். ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் அலை பெரிதாகிக்கொண்டே போனால், அந்த இடத்தில் சீவியது போதும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷை எடுத்த பிறகும் தோல் தானாக ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

காற்றை நக்குவது பார்க்க வேடிக்கையாக இருக்கும், எல்லாரும் வீடியோ எடுப்பார்கள். பின்முதுகில் சொறிந்தால் நாக்கு தானாக வேலை செய்ய ஆரம்பிக்கும், சில பூனை காற்றை நக்கும், சில தன் முன்னங்காலை, சில பக்கத்தில் இருக்கும் தலையணையை. லேசாக இருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் பிரஷ் பட்ட நொடியே, தொட்ட மாத்திரத்தில், வெறி பிடித்தாற்போல் நக்க ஆரம்பித்தால் அந்த இடத்தில் ஏற்கெனவே அரிப்பு இருக்கிறது என்று அர்த்தம், நம் ஊரில் அதற்கு முதல் காரணம் தெள்ளுப்பூச்சி. உங்கள் பூனையிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். "பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை" என்பீர்கள், அது போதாது. பூனை நக்கி நக்கிப் பூச்சியைத் தானே தின்றுவிடும், ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஒன்றிரண்டு கடியே நாள்கணக்கில் அரிப்பு தரும். பேன் சீப்பு மாதிரி நெருக்கமான பல் உள்ள சீப்பால் வால் அடியைச் சீவி, சீப்பில் வரும் கரும்பொடியை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் தட்டுங்கள். ஒரு நிமிடத்தில் பொடியைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது பூச்சியின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். கசியாமல் அப்படியே இருந்தால் வெறும் தூசி. முடியை விலக்கித் தோலையும் தடவிப் பாருங்கள், கேழ்வரகு அளவில் சின்னச் சின்னப் பொருக்குகள் விரலில் தட்டுப்பட்டால் அதுவும் ஒவ்வாமைக் குறிதான். இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை: நாய்க்கு விற்கும் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், நாய்க்கு ஒன்றும் செய்யாத அது பூனைக்கு வலிப்பு வரவைத்து உயிரையே எடுக்கும். கற்பூரம் கலந்த எண்ணெய் தடவும் வைத்தியமும் வேண்டாம், தடவியது எல்லாம் நக்கலில் வயிற்றுக்குள் போய்விடும்.

பூச்சி இல்லை, தோலில் புண் இல்லை, ஆனாலும் தொடாமலே முதுகுத் தோல் ஓடுகிறது, கண்ணின் பாப்பா விரிந்து கண் முழுக்கக் கருப்பாகிறது, தன் வாலையே முறைத்துப் பார்த்துக் கடிக்கிறது, யாரோ துரத்துவது போல வீடு முழுக்க ஓடுகிறது என்றால் அது ஹைப்பரெஸ்தீசியா எனப்படும் மிகையுணர்வுக் கோளாறாக இருக்கலாம். பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஏழு வயதுக்குள் தொடங்கும். இதற்கென்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது, தோல் நோய், முதுகுவலி, வலிப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் டாக்டர் இந்த முடிவுக்கு வருவார். கிளினிக் மேசையில் பூனை இதையெல்லாம் செய்து காட்டாது, அதனால் வீட்டில் நடக்கும்போதே போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்கள் பூனை பிரஷ் பட்டால் மட்டும்தான் இப்படிச் செய்கிறது, அதனால் இந்தக் கோளாறு எனக்கு முதலில் தோன்றவில்லை.

சரி, இப்போது மனநிலைக் குறிகள். "சட்டென்று கடித்தது" என்று எழுதியிருந்தீர்கள். பூனை அபூர்வமாகத்தான் சட்டென்று கடிக்கும். கடிக்கு முந்தைய அரை நிமிடத்தை ஒரு தடவை பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முதலில் வாலின் நுனி மட்டும், ஒரு விரற்கடை அளவு, இப்படியும் அப்படியும் அசையும். அப்புறம் குர்ர் சத்தம் நிற்கும், அல்லது கரகரப்பாக மாறும். முன்னோக்கி இருந்த காது மெல்லப் பக்கவாட்டில் திரும்பும், உள்காது பக்கம் பார்க்கிற மாதிரி. தோல் ஒருமுறை ஓடும். தளர்ந்து கிடந்த மீசை விறைக்கும். பிறகு தலையைத் திருப்பிப் பிரஷை, அல்லது உங்கள் கையை, ஒரு கணம் பார்க்கும், பார்த்துவிட்டு மறுபடி முன்னால் திரும்பிவிடும். இந்தப் பார்வைதான் கடைசி மரியாதையான எச்சரிக்கை. அதற்கு மேல் போனால் உடம்பு முழுக்க ஒரு நொடி அசைவற்று நிற்கும், குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி சமர்த்தாக இருக்கிறதே என்று நமக்குத் தோன்றும் அந்த நொடிக்கு அடுத்ததுதான் பல். வால் நுனி அசையும்போதே நிறுத்தினால் கடி கிடையாது, அந்தப் பார்வை வந்ததும் நிறுத்தினாலும் பெரும்பாலும் கிடையாது.

குர்ர் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். சந்தோஷமாக இருக்கும்போதும் போடும், வலியிலும் பயத்திலும் போடும். எலும்பு முறிந்த பூனையும் மேசையில் குர்ர் என்று கிடப்பதைக் கால்நடை மருத்துவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். குர்ரோடு சேர்ந்து கண் பாதி மூடி, உடம்பு தளர்ந்து, முன்னங்கால் மாவு பிசைவது போல அமுக்கிக்கொண்டிருந்தால்தான் அது சுகம். அப்படிச் சொக்கிப்போகும்போது சில பூனைக்கு எச்சில்கூட ஒழுகும், சீவுவதை நிறுத்தியதும் அதுவும் நின்றுவிட்டால் பயமில்லை. சீவாதபோதும் ஒழுகினால், வாய் நாறினால், பல்லையும் ஈறையும் காட்டுங்கள். வயிற்றைக் காட்டி மல்லாந்து படுப்பதையும் பலர் அழைப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். "உன்னை நம்புகிறேன்" என்பது வேறு, "வயிற்றைச் சீவு" என்பது வேறு. கையை வைத்தால் முன்னங்காலால் பிடித்துக்கொண்டு பின்னங்கால் இரண்டாலும் உதைக்கும், அதில் நகம் முழுக்க வெளியே இருக்கும்.

பயத்தின் குறிகள் இன்னும் நுணுக்கமானவை. பூனைக்கு வியர்ப்பது உள்ளங்காலில், அதனால் சீவி முடித்த பிறகு மேசையிலோ டைல்ஸிலோ ஈரமான பாதத் தடம் இருந்தால் அது பதற்றத்தில் இருந்திருக்கிறது. திடீரென்று கொத்துக் கொத்தாக முடி உதிர்வதும் அப்படித்தான். சாதாரண நாளில் உதிராத முடி டாக்டரிடம் போகும்போது மட்டும் பறக்கும், கவனித்திருப்பீர்கள். மூக்கை நக்கிக்கொள்வது, தலையை உதறுவது, கையை விட்டு விலகியதும் அவசர அவசரமாகத் தன்னையே நக்குவது எல்லாம் ஒரே ரகம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மட்டும் யோசிக்காமல் நிறுத்திவிடுங்கள். நாய்க்கு அது சாதாரணம், பூனைக்கு அல்ல. சப்பை மூக்குள்ள பெர்சியனுக்கு மே மாத வெயிலில் அது ஆபத்தான நிலை. குளிர்ந்த இடத்தில் விட்டும் ஓரிரு நிமிடத்தில் அடங்காவிட்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இவ்வளவு சிரமத்துக்கும் நடுவே பூனைக்குச் சீவிவிடப் பிடிக்கும் என்பது உண்மை, எங்கே, எவ்வளவு நேரம் என்பதில்தான் நாம் தவறுகிறோம். கூட்டமாக வாழும் பூனைகள் ஒன்றையொன்று நக்கிவிடுவதை ருட் வான் டென் போஸ் என்ற ஆய்வாளர் கவனித்து 1998இல் எழுதினார். நக்கல் பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும்தான் நடந்தது. நக்கிவிட்ட பூனையே அடுத்த நிமிடம் சண்டைக்குப் போவதும் அதில் பதிவாகியிருக்கிறது, ஆக நக்கலுக்கும் அடிக்கும் இடையே உள்ள தூரம் பூனைகளுக்குள்ளேயே அவ்வளவுதான். கன்னம், தாடை, கண்ணுக்கும் காதுக்கும் நடுவே முடி குறைவாக இருக்கும் இடம் இவையெல்லாம் வாசனைச் சுரப்பிகள் உள்ள இடங்கள், பூனை தானாகவே பிரஷின் மூலையில் கொண்டுவந்து தேய்க்கும். வேகத்தையும் குறைத்துப் பாருங்கள். மெல்லிய, மெதுவான தொடுகைக்கென்றே தோலில் செய்தியை மெதுவாகக் கடத்தும் ஒரு வகை நரம்பிழைகள் இருப்பதை ஸ்வீடன் நாட்டு இங்வே சோட்டர்மான் 1939இல் முதலில் கண்டுபிடித்தது பூனையின் கால் நரம்பில்தான். வேகமாகப் பரபரவென்று தேய்த்தால் இவை அவ்வளவாக விழித்துக்கொள்வதில்லை, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் சீக்கிரம் சோர்ந்தும் போகும்.

பிரஷையும் சோதியுங்கள். வளைந்த கம்பிப்பல் உள்ள ஸ்லிக்கர் பிரஷை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில், பூனைக்கு அழுத்தும் அதே அழுத்தத்தில் இழுத்துப் பாருங்கள். சிவந்த கோடு விழுந்தால் பூனைக்கும் விழுகிறது, முடி மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். நீள முடிப் பூனைக்குக் காதுக்குப் பின்னால், அக்குளில், பின்தொடையில் முடி சிக்குப் பிடித்து முடிச்சாகிவிடும், முடிச்சு இறுகும்போது தோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருக்கும். அது நடக்கும்போதே வலி, சீப்பு பட்டால் கேட்கவே வேண்டாம். உங்கள் பூனையின் வால் அடியில் அப்படி முடிச்சு இருக்கிறதா என்று விரலால் தேடுங்கள். சின்ன முடிச்சாக இருந்தால் தோலுக்கும் முடிச்சுக்கும் நடுவே முடியை விரலால் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் சோளமாவு தூவி, நுனியிலிருந்து விரல்களாலேயே பிரியுங்கள். கத்தரிக்கோலை மட்டும் எடுக்காதீர்கள். பூனைத் தோல் மெல்லியது, முடிச்சோடு கூடாரம் மாதிரி எழும்பி நிற்கும், முடியை வெட்டுகிறோம் என்று தோலை வெட்டித் தையல் போட வந்தவர்கள் நிறையப் பேர். பெரிய முடிச்சென்றால் மெஷினால் மழித்துவிடுவதுதான் பூனைக்கு நல்லது. சிக்கோடு குளிப்பாட்டவும் வேண்டாம், காய்ந்ததும் இன்னும் இறுகும். ஏசி அறையில் சீவினால் முடியில் மின்னூட்டம் ஏறிச் சுருக்கென்று அடிக்கும், கையை லேசாக ஈரப்படுத்தி ஒருமுறை தடவிவிட்டால் போதும்.

உங்கள் பூனைக்கு நான் சொல்வது இது. ஒரு வாரத்துக்கு வால் அடிப் பக்கமே போகாதீர்கள், பூச்சி பார்க்கவும் முடிச்சு தேடவும் ஒரு தடவை தவிர. சாப்பிட்டுவிட்டுச் சோம்பலாக இருக்கும் நேரத்தில் தரையில் உட்கார்ந்து, பிரஷை அதன் முகத்துக்கு முன்னால் நீட்டிவிட்டுச் சும்மா இருங்கள். வந்து கன்னத்தைத் தேய்த்தால் அங்கே நாலு இழுப்பு, நிறுத்துங்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று எண்ணுங்கள். தலையை முட்டினால் தொடரலாம், நகர்ந்துபோனால், அல்லது சும்மா உட்கார்ந்திருந்தால்கூட, அன்றைக்கு அவ்வளவுதான். கழுத்திலிருந்து நடு முதுகு வரை இப்படிப் பழகிய பிறகு வால் அடிக்கு ஒரே ஒரு இழுப்பு, மெதுவாக, முடி போகும் திசையில், உடனே மறுபடி கன்னத்துக்குத் திரும்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பிடித்து வைத்துச் சீவுவதைவிடத் தினமும் இரண்டு நிமிடம் பல மடங்கு நல்லது. பிடரியைப் பிடித்து அழுத்தி வைத்துச் சீவாதீர்கள், பூனை மருத்துவ அமைப்புகளே அந்தப் பிடியை வேண்டாம் என்கின்றன. அசையாமல் கிடப்பதால் அது ஒத்துக்கொண்டது என்று ஆகாது.

இதைப் படிக்கும் மற்றவர்கள் வீட்டில் வயதான பூனை இருந்தால் கணக்கு வேறு. முன்பெல்லாம் சீவ விட்ட பூனை இப்போது இடுப்பில் பிரஷ் பட்டாலே சீறுகிறது என்றால் அதைக் கோபக்காரப் பூனை ஆக்கிவிடாதீர்கள். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து 2002இல் வந்த ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. குனிந்து நக்க முடியாததால்தான் இடுப்புப் பக்கம் முடி சிக்குப் பிடிக்கிறது, வலிக்கிற அதே இடத்தில்தான் நாமும் பிரஷை வைக்கிறோம். காது வெளிப்பக்கம் விலகி, கண் இடுங்கி, மூக்கும் வாயும் இறுகி, மீசை நேராக விறைத்து, தலை தோளுக்குக் கீழே தொங்கினால் அது வலி முகம். 2019இல் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தினர் இந்த ஐந்தையும் வைத்துத்தான் பூனையின் வலியை அளக்கும் முறையை உருவாக்கினார்கள்.

கடியைப் பற்றி ஒரு வார்த்தை. பூனைப் பல் ஊசி மாதிரி, மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், கிருமி ஆழத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நம் நாட்டில் ரேபிஸ் தடுப்பூசி தேவையா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும், பூனை வீட்டுப் பூனைதானே என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். பூனைக்கும் அந்த ஊசியை வருடா வருடம் தவறாமல் போடுங்கள். பூச்சி இல்லை, முடிச்சு இல்லை, இரண்டு மூன்று வாரம் இப்படிப் பொறுமையாகப் போன பிறகும் வால் அடியில் ஒரு இழுப்புக்கே கடிக்க வந்தால், எடுத்து வைத்த வீடியோவோடு டாக்டரிடம் போய் முதுகெலும்பையும் குதச் சுரப்பிகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.